ஒன்பது விரல், நாலு விரல்

"இருமல் இருக்குதா?"

"இல்ல."

"சளி?"

"இல்லபா."

"ஜுரம்?"

"யோவ், பத்திரிகை வெக்க வந்திருக்கேன்யா!"

"வூட்ல யாருக்குனா இருக்குதா?"

வெற்றிலைத் தட்டும் கல்யாணப் பத்திரிகையுமாக வாசலில் நின்றவர் குமரகுருவுக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். அதனால் என்ன? குமரகுரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. நாலாவது கேள்விக்குப் பதில் வருகிறவரை அவருடைய வலது கால் வாசற்படிக்குக் குறுக்கே நீட்டியபடிதான் இருக்கும். வந்தவர் நல்ல மனுஷர், யோசித்துப் பார்த்து, பேரனுக்கு நேற்று மூக்கு ஒழுகியதாக உண்மையைச் சொல்லிவிட்டார். அத்தோடு தீர்ந்தது. தட்டை நாற்காலி மேல் வைக்கச் சொன்னார். பத்திரிகையைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு வெயிலில் தொங்கவிட்டார். ஜன்னலுக்குள்ளிருந்து சங்கரி கைகூப்பி, "அண்ணியக் கேட்டதா சொல்லுங்கண்ணா" என்றாள். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

பிள்ளையார்பாளையத்தில் குமரகுரு என்று விசாரித்தால் எந்தக் குமரகுரு என்று கேட்பார்கள். 'செக்போஸ்ட்' என்றால் வீட்டைக் காட்டுவதோடு, "தும்மல் கிம்மல் இருந்தா போவாதீங்க, மானம் போயிடும்" என்று எச்சரித்தும் அனுப்புவார்கள். இந்த நாலு வருடத்தில் அவரிடம் கோபித்துக்கொள்ளாத சொந்தக்காரர்களை எண்ணினால் ஒரு கை விரல் தேறாது. விபூதிப் பிரசாதம் கொண்டுவந்த குருக்களையே வாசலோடு திருப்பியிருக்கிறார். ஓட்டுக் கேட்டு ஊர்வலமாக வந்த கூட்டத்தைத் தெருமுனையிலேயே மறித்து, "ஓட்டு கண்டிப்பா உங்களுக்குத்தான், கிட்ட மட்டும் வராதீங்க" என்று கும்பிட்டிருக்கிறார். வாக்குக் கேட்க வந்தவர்களும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சங்கரிக்கு நாற்பத்து நாலு வயது. அவள் நெஞ்சுக்குள் இருக்கும் நுரையீரல்களுக்கு முப்பத்தொன்று. அவளுடைய சொந்த நுரையீரல் இரண்டும் தழும்பேறிச் சுருங்கி, வாசலிலிருந்து அடுக்களைக்கு நடப்பதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசி ஏழு மாதம் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். பிறகு ஒரு நாள், மாற்று நுரையீரல் கிடைத்துவிட்டது என்று சென்னையிலிருந்து போன் வந்தது. எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று சொல்ல மாட்டார்கள். விபத்தில் போய்விட்ட இருபத்தேழு வயதுக்காரர் என்று மட்டும் தெரியும். வருடா வருடம் அந்தத் தேதியில் குமரகுரு தலைமுழுகி, இலை போட்டுச் சமையல் படைத்து, மொட்டைமாடியில் காக்காய்க்கு வைக்கிறார். பெயர் தெரியாததால், "எங்க வூட்டு ஆளு, வந்து சாப்புடுபா" என்று கூப்பிடுகிறார்.

மாற்றி வைத்ததோடு வேலை முடிந்தது என்றுதான் தெருவே நினைத்தது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உடம்பு அந்த நுரையீரலை அந்நியன் என்று எண்ணி எந்நாளும் வெளியே தள்ளப் பார்க்கும், தள்ளவிடாமல் மாத்திரை பிடித்துவைக்கும், அந்த மாத்திரையே கிருமியோடு சண்டை போடும் சக்தியையும் கட்டிப்போட்டுவிடும் என்றார். குமரகுருவுக்கு அது அன்றே விளங்கிவிட்டது. வருகிறவனுக்கு அது இரண்டு நாள் சளி. சங்கரிக்கு மூச்சு. பிறகு யார் கோபித்துக்கொண்டால் என்ன?

காலை ஆறரைக்குச் சங்கரி ஊத வேண்டும். உள்ளங்கை அளவில் ஒரு கருவி. மூச்சை முட்ட இழுத்து, ஒரே வேகத்தில் ஊதினால் முதல் நொடியில் வெளியேறிய காற்று எத்தனை லிட்டர் என்று காட்டும். மூன்று தரம் ஊதி, அதில் பெரியதை எடுத்துக்கொள்வது கணக்கு. அவளுடைய எண் 1.94. "ஒண்ணு தொண்ணூத்தி நாலு" என்று குமரகுரு அதைச் சொல்லும்போது பிள்ளையின் பரீட்சை மார்க்கைச் சொல்வது போலிருக்கும். தினசரி காலண்டர் தாளில் ராசிபலனுக்கு மேலே எழுதுவார். காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்பில் 1.75 என்று எழுதியிருக்கிறது. நூற்றுக்குப் பத்து இறங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தின் எல்லைக்கோடு அது.

காலை எட்டுக்கு மாத்திரை, மாலை எட்டுக்கு மாத்திரை. எட்டென்றால் எட்டு. போனில் ஒரு அலாரம், சுவரில் ஒரு கடிகாரம், இரண்டையும் நம்பாமல் கையில் ஒரு கடிகாரம். சித்தப்பா இறந்து வீட்டில் ஒப்பாரி உச்சத்தில் இருந்தபோது பங்காளிகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, "சங்கரி, போட்டியா?" என்று போனில் கேட்டவர் அவர். மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனைக்குச் சென்னை போகும் நாளில் மட்டும் காலை மாத்திரையை முழுங்கக் கூடாது, ரத்தம் எடுத்த பிறகே போட வேண்டும். அன்றைக்கு மாத்திரைப் பை அவருடைய சட்டைப் பையில் இருக்கும், கை அதன் மேலே இருக்கும். ஊசி குத்தி வெளியே வந்த நிமிடத்தில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டு நிற்பார். நாலு வருடத்தில் ஒரு சென்னைப் பயணத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

மருந்தோடு ஒத்துப்போகாத பழம் பம்பளிமாஸ். அது தெரியாமல் ஐயம்பேட்டை உறவினர் ஒருவர் தோட்டத்தில் காய்த்ததென்று ஆசையாக ஒரு பை கொண்டுவந்தார். குமரகுரு அதைக் கையில் வாங்காமல், துடைப்பக் குச்சியில் பையின் காதை மாட்டி, நாலு வீடு தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். "பழம்தாங்க, பாம்பு இல்ல" என்று சங்கரி ஜன்னலிலிருந்து சிரித்தாள். "பாம்பா இருந்தா கூட அடிச்சிருக்கலாம்" என்றார் இவர்.

அவள் நடக்க வேண்டும் என்பதற்காகச் சாயங்காலம் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போவார். அங்கேதான் கூட்டம் இருக்காது. புறா எச்சத்துத் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்பதால் இவர் முதலில் உள்ளே போய்ப் புறா எத்தனை, எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, புறா இல்லாத பக்கமாகப் புல்வெளியில் நடக்க விடுவார். சாமி கும்பிட வந்தவர்கள் கோபுரத்தைப் பார்ப்பார்கள். இவர் கோபுரத்தில் புறாவைப் பார்ப்பார்.

அவருடைய தறியும் வீட்டில் இல்லை. டாக்டர் பட்டு நூல் தூசு கூடாதென்று சொன்ன வாரத்திலேயே முன்கட்டில் இருந்த தறியைப் பிரித்து, அடுத்த தெருவில் சிநேகிதர் கலியாணசுந்தரத்தின் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டார். தறிக்குழியை மணல் போட்டு நிரப்பிச் சிமெண்ட் பூசினார். அந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சி சைக்கிள் நிற்கிறது. "இருபது வருஷம் அவரு மிதிச்சாரு, இப்ப நான் மிதிக்கிறேன்" என்பாள் சங்கரி.

கொட்டகையில் அவருக்குக் கூட்டாள் இளவரசன். முப்பது வயது, கைவேகம் உள்ளவன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று கோர்த்து நெய்கிற சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். குறுக்கு நூலைச் சுமந்து நடுவில் ஓடும் நாடாவை, படகு மாதிரியான அந்த மரக்கட்டையை, குமரகுரு வீசுவார், கரை நாடாவை இளவரசன் பக்கத்தில் உட்கார்ந்து வீசுவான். அங்கேயும் செக்போஸ்ட் சட்டம்தான். நாலு கேள்வி கேட்டுத்தான் இளவரசன் தறியில் உட்காரலாம். இருவர் முகத்திலும் மாஸ்க். வீடு திரும்பினால் வாசலிலேயே சட்டையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே. வீட்டுக்குள் மாஸ்க் வேண்டாம் என்பது மட்டும் அவர் தனக்கே கொடுத்துக்கொண்ட ஒரு சலுகை. பொண்டாட்டியோடு முகம் பார்த்துச் சாப்பிடாமல் என்ன குடித்தனம் என்று நினைத்திருக்கலாம்.

நாடாவுக்குள் நூல் சுற்றிய சின்னக் குழல் இருக்கும், அதுதான் தார். தார் தீர்ந்தால் புதுத் தாரைப் பூட்டி, நூல் முனையை நாடாவின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கு நெசவாளிக்கு அரை நொடி போதும். கண்ணில் உதட்டை வைத்து ஒரு உறிஞ்சு. நூல் நாக்கு நுனிக்கு வந்துவிடும். குமரகுரு மாஸ்க்கை முகவாய்க்கு இறக்குவார், உறிஞ்சுவார், மாஸ்க்கை ஏற்றுவார். பன்னிரண்டு வயதிலிருந்து செய்கிற காரியம். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று அவரும் எண்ணியதில்லை, இளவரசனும் எண்ணியதில்லை.

போன ஐப்பசியில், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு புதன்கிழமை, இளவரசன் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்குப் போன் வந்தது.

"அண்ணா, வெடிகாலைலருந்து ஒடம்பு நெருப்பாட்டம் கொதிக்குது. இருமலும் புடிச்சிக்கிச்சு. வர முடியாதுண்ணா."

"கம்முனு படு. டாக்டர பாரு. நல்லா ஆவாம இந்தப் பக்கம் தலை வெக்காத" என்று குமரகுரு போனை வைத்தார். நேற்று நாள் முழுக்க இரண்டு பேர் முகத்திலும் மாஸ்க் இருந்தது என்று நினைத்துக்கொண்டார். தன் ஏற்பாட்டின் மேல் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கூட்டாள் இல்லையென்று சும்மா இருக்க முடியுமா? கரை நாடாவையும் தானே வீசிப் பார்த்தார். பத்து விரற்கடை நெய்வதற்குள் கரை நாடாவில் தார் தீர்ந்தது. புதுத் தாரைப் பூட்டினார். மாஸ்க்கை இறக்கினார். நாடாவை உதட்டருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

கையில் இருந்தது இளவரசனின் நாடா. நேற்று மத்தியானம் நூல் அடிக்கடி அறுந்து, அவன் எடுத்துக் கொடுக்கவும் இவர் வாங்கிக் கோர்க்கவும், இவர் கொடுக்கவும் அவன் உறிஞ்சவுமாக, இதே நாடா இரண்டு வாய்க்கும் நடுவில் போய் வந்திருக்கிறது. எத்தனை முறை? நாலா, ஆறா? ஊரையெல்லாம் வாசலில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டவர், அடுத்தவன் எச்சிலைத் தானே வாயால் உறிஞ்சியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். நேற்று ராத்திரி சங்கரியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இன்று காலையில் அவள் ஊதும்போது பக்கத்தில் நின்றார்.

"முட்டாப் பயலே" என்றார், சத்தமாக. கொட்டகையில் வேறு யாரும் இல்லை.

நாடாவைக் கீழே வைத்தார். சென்னை ஆஸ்பத்திரியில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் தீபிகாவுக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னார்.

"அங்கிள், மாஸ்க் போட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"போட்டுக்கினுதாம்மா இருந்தேன். நூலு இழுக்கறப்ப எறக்கிட்டேன். பன்னெண்டு வயசுலருந்து வாயிலதாம்மா இழுக்கறோம். அது மூச்சு வுடுற மாதிரி. அத யாரு கணக்குல வெப்பாங்க?"

தீபிகா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். டாக்டரிடம் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப அழைத்தாள். இளவரசனுக்கு என்ன காய்ச்சல் என்று இன்றே பரிசோதனை செய்ய வேண்டும்; சங்கரிக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஃப்ளூ காய்ச்சலுக்கான மாத்திரையை, முடிவு வரும்வரை காத்திராமல், இப்போதே தொடங்க வேண்டும்; இவர் வீட்டுக்குப் போகக் கூடாது.

"அத நானே முடிவு பண்ணிட்டேம்மா" என்றார்.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு போய், தன்னுடைய நீல நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, தெருவைத் தாண்டி எதிர்ப்புற மின்கம்பத்தடியில் நின்று சங்கரிக்குப் போன் செய்தார்.

"இன்னாங்க, அங்க நின்னுக்கினு போன்ல பேசுறீங்க? உள்ள வாங்க, சோறு ஆறுது."

"வரல. நாக்காலி மேல மாத்திரை இருக்குது. எடுத்து இப்பவே ஒண்ணு போடு." காரணத்தைச் சொன்னார். ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாந்தான் கொண்டாந்தேன் சங்கரி. வேற யாரும் இல்ல."

அவள் ஜன்னல் வழியாக நாற்காலியை எட்டிப் பார்த்தாள். பிறகு, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முகத்தைக் கம்பத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலையே ஐயம்பேட்டையிலிருந்து சங்கரியின் தங்கை வடிவு துணைக்கு வந்தாள். போனிலேயே நாலு கேள்விக்கும் பதில் சொல்லி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தும்மினாரா என்ற ஐந்தாவது கேள்விக்கும் பதில் சொன்ன பிறகே அவளுக்கு வீட்டுக்குள் அனுமதி கிடைத்தது. குமரகுரு கொட்டகைக்குப் பின்னால் உள்ள காலி அறையில் பாயைப் போட்டுக்கொண்டார். கலியாணசுந்தரம் வேளாவேளைக்குச் சோற்றை வாசலில் வைத்துவிட்டு, "செக்போஸ்ட்டயே புடிச்சி உள்ள போட்டாச்சா?" என்று கேலி செய்துவிட்டுப் போவார்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவர் கம்பத்தடியில் இருந்தார். போனில் சொன்னால் போதாதா என்றாள் வடிவு. போதாது. அவள் ஊதுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். சங்கரி ஜன்னலுக்கு நேரே நின்று ஊதினாள். மூன்று தரம் ஊதியானதும் கையை உயர்த்தினாள். புள்ளிக்கு முன்னால் உள்ள ஒன்று எப்போதும் இருப்பதுதான், அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் விரலால் காட்டினாள். முதலில் ஒன்பது விரல். பிறகு நாலு விரல். குமரகுரு தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வியாழன் மாலை அவருக்குத் தொண்டை கரகரத்தது. வெள்ளிக்கிழமை காய்ச்சல். அவரும் சங்கரியும் வருடம் தவறாமல் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள்தான், இருந்தும் வந்துவிட்டது. போர்வையைச் சுற்றிக்கொண்டு கம்பத்தைப் பிடித்தபடி நின்றார். ஒன்பது விரல். அப்புறம் மூடிய கை. ஒன்று தொண்ணூறு.

சனிக்கிழமை சங்கரி உயர்த்திய ஒன்பது விரல்களில் ஒன்று மடங்கியது. எட்டு. பிறகு நாலு. தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "இன்னா குமரகுரு, பேசவே மாட்டேங்கிற, கையாலயே குடும்பம் நடத்துறியா?" என்றார். குமரகுருவுக்கு அந்த மடங்கிய விரலைத் தவிர எதுவும் தெரியவில்லை. தன் வாயால் இழுத்த நூல்தான் அவள் விரலை மடக்குகிறது என்று தோன்றியது.

ஞாயிறு காலை ஏழு விரல், பிறகு ஒன்பது. அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு தரம் இருமினாள்.

"செவப்புக்கு இன்னும் நாலு இருக்குது மாமா" என்றாள் வடிவு, போனில்.

"செவப்பு வர்ற வரைக்கும் பாத்துக்கினு நிக்கச் சொல்றியா? கெளம்புங்க."

தீபிகாவும் அதையேதான் சொன்னாள். முக்கால் மணி நேரத்தில் கார் வந்துவிட்டது. ஏசி போடாதே, ஜன்னலை இறக்கு, வடிவு முன்சீட்டு, சங்கரி பின்சீட்டு என்று எல்லாவற்றையும் கம்பத்தடியிலிருந்தே டிரைவருக்குக் கத்திச் சொன்னார். அவரால் ஏற முடியாது. நாலு வருடத்தில் அவர் இல்லாமல் சங்கரி சென்னைக்குப் போவது இதுதான் முதல் தடவை. அவளுடைய மாத்திரைப் பை இன்று வடிவின் கைப்பையில் இருக்கிறது. வடிவுக்கு வரிசை தெரியுமா? பதற்றத்தில் எட்டு மணியானதும் மாத்திரையைக் கொடுத்துவிட்டால்?

கார் நகரும்போது அவர் இடது கையை நீட்டி, முழங்கை மடிப்பை வலது கை விரலால் தொட்டுக் காட்டினார். முதலில் ரத்தம். பிறகு விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். அப்புறம்தான் மாத்திரை. இறக்கிய ஜன்னல் வழியாக சங்கரி தன் முழங்கை மடிப்பைத் தொட்டாள், மாஸ்க் மேல் விரலைக் குவித்துக் காட்டினாள். பிறகு போனில் அழைத்து, "நாலு வருஷமா இந்த நெஞ்சோட குடித்தனம் பண்றது நானு. எனக்குத் தெரியாதா? போய்ப் படுங்க, நிக்க முடியாம நின்னுக்கினு" என்றாள். கார் தெருமுனை திரும்பும்வரை அவர் நின்றார். அதற்குப் பிறகும் நின்றார்.

இளவரசனுக்கு வந்த அதே ஃப்ளூ காய்ச்சல்தான் என்று பரிசோதனையில் வந்தது. ஆனால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, நெஞ்சுக்குள் இறங்கவில்லை. நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். "புதன்கிழமையே நீங்க சொன்னதாலதான் மாத்திரைய முன்னாடியே ஆரம்பிக்க முடிஞ்சது அங்கிள். மறைச்சிருந்தா கதையே வேற" என்றாள் தீபிகா. ஆறுதலாகத்தான் சொன்னாள். குமரகுரு அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளவில்லை. "எண்ணு எப்பம்மா பழையபடி வரும்?" என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம் என்றாள் அவள்.

மறுபடி கம்பத்தடி. எட்டு விரல், இரண்டு விரல். எட்டு, ஐந்து. எட்டு, எட்டு. அதற்கு மறுநாளும் எட்டு, எட்டு. அப்புறமும் அதேதான். ஒன்பதாவது விரல் நிமிரவே இல்லை.

அவருக்குக் காய்ச்சல் விட்டு, இருமல் நின்று, பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்றான பிறகு டாக்டர் சொன்ன நாளில் வீட்டுக்கு வந்தார். வாசலில் குளித்தார். உள்ளே போனதும் முதல் காரியமாகச் சுவரில் இருந்த சிவப்பு 1.75 ஐ ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தார். கணக்குப் போட்டு 1.69 என்று எழுதினார்.

"ஒண்ணு எண்பத்தெட்டு. இனிமே இதான் நம்ம நம்பர்" என்றார். "ஆறு போச்சு. நான் போக்கடிச்சது அந்த ஆறு. இதுக்கு மேல ஒண்ணு கூட போக வுட மாட்டேன்."

"அந்த ஆறுக்கு ஒரு தெவசம் பண்ணிடுங்க" என்றாள் சங்கரி, சைக்கிளை மிதித்துக்கொண்டே. "எண்பத்தெட்டு உயிரோடதான் இருக்குது, அதுக்குச் சோத்தப் போடுங்க." அவர் சிரிக்கவில்லை. ஆனால் அடுக்களைக்குப் போய்த் தட்டை எடுத்து வைத்தார்.

அடுத்த நாள் கொட்டகையில் இளவரசனும் வந்துவிட்டான். நாலு கேள்வியும் முடிந்தது. அவன் கொஞ்சம் இளைத்திருந்தான், குற்றவாளி மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். "உம்மேல தப்பு இல்லடா, குந்து" என்றார். இரண்டு வாரமாக அசையாமல் கிடந்த தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அரை மணிக்குள் குமரகுருவின் நாடாவில் தார் தீர்ந்தது. புதுத் தாரைப் பூட்டினார். நாற்பது வருடப் பழக்கம், கை தானாக மாஸ்க்குக்குப் போய் அதை முகவாய் வரை இழுத்தது.

அங்கேயே நின்றது. மாஸ்க்கை மேலே ஏற்றி, மூக்கின் மேல் அழுத்திவிட்டுக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கம்பியை எடுத்தார். மாஸ்க்கின் மேல் ஓரத்தில், மூக்கை அழுத்திப் பிடிக்க ஒரு கம்பி வைத்துத் தைத்திருப்பார்கள் அல்லவா, அதுதான். பின்னறையில் கிடந்த நாட்களில் புது மாஸ்க் ஒன்றைப் பிரித்து, கம்பியை உருவி, மேலுறையைச் சுரண்டி எடுத்து, நுனியை மடக்கிக் கொக்கியாக்கியிருந்தார். நாடாக் கண்ணுக்குள் அதை விட்டார். நூல் சிக்கவில்லை. மறுபடி விட்டார். சிக்கி, பாதி வழியில் நழுவியது.

"அண்ணா, வாயில இழுத்தா ஒரு செகண்டுண்ணா" என்றான் இளவரசன்.

குமரகுரு கண்ணைச் சுருக்கி, ஐந்தாவது தரம் கொக்கியை உள்ளே விட்டுத் திருகி மெல்ல இழுத்தார். அரக்கு நிறப் பட்டு நூல் கண் வழியாக வெளியே வந்தது. அதை விரலில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைப் பையைத் துழாவி, இரண்டாவது கொக்கியை எடுத்து இளவரசனிடம் நீட்டினார்.